மெசினுக்குள் கிடந்த ஒடியல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிக்கும்,

ஓய்வு பெறுகிறவர்கள் தங்கள் அனுபவங்களை இளையவர்களுக்கு எழுதிவைப்பார்கள். அந்த உரிமையை நானும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இருபத்தொன்பது வயது. காதோரம் ஒரு நரைமயிர் இருப்பதாக அம்மா சொல்கிறார். அந்த ஒன்றை நம்பித்தான் எழுதத் துணிகிறேன்.

அடுத்த மாதத்திலிருந்து நான் கூரைகளில் சோலர் தகடு பூட்டப் போகிறேன். கோப்பை கழுவும் மெசின்களிலிருந்து எனக்கு ஓய்வு. ஊர்காவற்றுறையிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் இந்த மெசினைத் திருத்தத் தெரிந்த ஒரே ஆள் என்ற பட்டத்தோடு விலகுகிறேன். பட்டத்துக்குப் போட்டியிட வேறு எவரும் இருக்கவில்லை என்பதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பம்பைக் கழற்றுவது எப்படி, அழுக்கைப் பிடிக்கும் வடியை எப்படிக் கழுவுவது, சூடாக்கும் கம்பியில் படியும் சுண்ணாம்பை எப்படி எடுப்பது என்பதெல்லாம் மெசினோடு வரும் புத்தகத்தில் இருக்கின்றன. படம் போட்டே இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் எங்கள் தீவுக்கு வந்தவர்கள் அல்ல. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அனலைதீவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மெசின் அசையவே இல்லையாம். நான் படித்தவன் அல்லவா? போனிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். கட்டுப்பாட்டுப் பலகைதான் போயிருக்க வேண்டும். புதுப் பலகையைப் பொலித்தீனில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகேறினேன். அன்று காற்று கடுமை. போய் இறங்கியபோது பலகை மட்டும் நனையாமல் இருந்தது. வீட்டுக்காரர் மாமரத்தடியில் கதிரை போட்டு, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்து அண்ணை வேலை செய்யேல்லை?"

"காலமை கறண்ட் போனதில இருந்துதான்."

"கறண்ட் இல்லையெண்டு போனில சொல்லேல்லையே?"

"நீர் கேக்கேல்லையே தம்பி."

கறண்ட் வந்தது, மெசின் ஓடியது, பலகையும் நானும் அடுத்த படகில் திரும்பினோம். ஆகவே, படகேற முன்னர் வீட்டில் மின்விசிறி சுற்றுகிறதா என்று கேளுங்கள். இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்னொன்று, புளியங்கூடலில். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் மெசினுக்குள் இருக்கும் ஒரு சிறு அறையில் உப்புப் போடவேண்டும் என்று ஓர் அக்காவுக்குச் சொன்னேன். அந்த உப்புத்தான் சுண்ணாம்பைப் பிடிக்கும் பகுதியைக் கழுவிக் கொடுக்கும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கட கிணத்தில இல்லாத உப்போ தம்பி?"

நான் கொப்பியில் படம் கீறி விளக்கினேன். கல்சியம், சோடியம், எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரி, நீர் படிச்சனீர்" என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை போனபோது உப்பு அறை வெறுமையாக இருந்தது. "நீர் படிச்சனீர்" என்றால் எங்கள் பக்கத்தில் "இனிப் போகலாம்" என்று பொருள். இதை நீங்கள் முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள்.

இனி, உண்மையில் சொல்ல வந்த கதை.

கரம்பொனில் ஒரு பெரிய வீடு இருக்கிறது. வீட்டுக்காரி வதனி அக்கா குடும்பத்தோடு வெளிநாட்டில். வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தனியாக இருப்பவர் சறோ அக்கா. வதனி அக்காவுக்குச் சித்தி மகள் முறை. சறோ அக்காவுக்குச் சொந்த வீடு இருந்தது. இப்போது அது இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை மட்டும் இருக்கிறது. ஆகவே வதனி அக்காவின் வீட்டைப் பார்ப்பது அவருக்கு வேலை மட்டுமல்ல, தலைக்கு மேலே இருக்கும் ஒரே கூரையும் அதுதான்.

"சறோ கை நோகக் கழுவக் கூடாது" என்று வதனி அக்கா ஒரு கோப்பை கழுவும் மெசினை அனுப்பிவைத்தார். தனி ஆள் சாப்பிடும் ஒரு கோப்பைக்கும் ஒரு சட்டிக்கும், பன்னிரண்டு பேரின் பாத்திரம் கொள்ளும் மெசின். நான்தான் போய்ப் பூட்டினேன். எல்லாப் பொத்தானையும் விளக்கினேன். சறோ அக்கா ஒவ்வொன்றுக்கும் "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்றார்.

அதன்பின் அந்த வீட்டிலிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை. மற்ற வீடுகளில் வருடம் ஒருமுறையாவது ஏதாவது அடைக்கும், ஏதாவது ஒழுகும். கரம்பொன் மெசின் மட்டும் வாயே திறக்கவில்லை. நான் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். "ஒழுங்காப் பாவிச்சா எப்பிடி இருக்கும் எண்டு கரம்பொனில போய்ப் பாருங்கோ" என்று வாடிக்கையாளர்களுக்கு உதாரணம் காட்டினேன். நல்லவேளை, ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு வதனி அக்கா வந்தார். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தி வந்துவிட்டார். அடுத்த நாள் காலை எனக்குப் போன்.

"தம்பி, உடன வாரும். குசினி முழுக்க நுரை. விறாந்தைக்கு வரப்போகுது. நாளைக்குக் கொடியேற்றம், வீடு முழுக்கச் சனம் வரும்."

மின்விசிறி சுற்றுகிறதா என்று கேட்டேன். பாடத்தை நான் மறக்கவில்லை. "நுரையெண்டு சொல்லுறன், நீர் விசிறியைக் கேக்கிறீர்" என்றார்.

போய்ப் பார்த்தேன். மெசினின் கதவு இடுக்கெல்லாம் வெள்ளை. நிலத்தில் முழங்கால் அளவுக்கு நுரை. ஐப்பசி மாதக் கடல் கரைக்கு வந்ததுபோல. வதனி அக்கா சட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி கதிரையில் ஏறி நின்றார். சறோ அக்கா தும்புத்தடியால் நுரையை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளத் தள்ள அது திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நான் ஒரு பொத்தான்தான் அமத்தினனான்" என்றார் வதனி அக்கா.

"உள்ளுக்கு என்ன போட்டனீங்கள் அக்கா?"

"வழக்கமாப் போடுறதுதான்." தண்ணீர்த் தொட்டியடியில் இருந்த பச்சைப் போத்தலைக் காட்டினார். கையால் பாத்திரம் கழுவும்போது ஒரு சொட்டு விடும் திரவம். போத்தலில் அரைவாசி இல்லை.

தம்பிமாரே, தங்கச்சி, இந்த இடத்தில் கவனியுங்கள். இந்த மெசினை வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஓட்டியவர் அந்தத் திரவத்தை உள்ளே ஊற்றமாட்டார். முதல் தடவையே பாடம் படித்திருப்பார். வதனி அக்கா வெளிநாட்டில் இருபது வருடத்துக்கு மேல். "எங்கட வீட்டில மெசின்தான் கழுவுறது" என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். நுரை வேறு கதை சொல்லியது. நான் போய்க் கறண்டை நிறுத்தினேன்.

உள்ளே நின்ற தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினேன். அடித்தட்டில் இருக்கும் வடியைக் கழற்றினேன். கைக்குள் சோறு வந்தது.

சோறு என்றால், தின்னும் சோறல்ல. ஊறிப் பருத்து, பாதி வெந்த சிவப்பரிசி. ஒரு பிடி. வடியின் கீழே விரலை விட்டால் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் விசிறி அசையவில்லை. ஏதோ குறுக்கே நின்றது. குறட்டால் இழுத்தேன். விரல் நீளத்தில் மஞ்சள் வெளுப்பாக ஒரு துண்டு. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்த ஒடியல். கல்லைப்போல இருந்தது. வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் கிடந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். வதனி அக்காவின் முதுகுக்குப் பின்னால் சறோ அக்கா. தும்புத்தடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண் என் கையிலிருந்த ஒடியலில் இருந்தது. மெசினின் கோப்பை அடுக்கும் தட்டைப் பார்த்தேன். கோப்பை நிற்கும் ஒவ்வொரு பிளவிலும் ஒடியல் வரிசையாக நிற்கும் காட்சி எனக்குத் தெரிந்துவிட்டது. மேல்தட்டில் அரிசிப் பை. இரும்பு உடம்பு, சுற்றிவர றப்பர், எலி நுழைய ஓர் ஊசித்துளை இல்லை. சுற்றிவரப் பூட்டிக்கிடக்கும் வீடுகளின் எலியெல்லாம் ஆள் இருக்கும் ஒரே வீட்டுக்குத்தான் வரும். தீவிலேயே மிகச் சிறந்த எலிப்புகாப் பெட்டியை நான்தான் நேராக நிறுத்தி, மட்டம் பார்த்துப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். முந்திய நாள் வதனி அக்கா திடுமென்று வந்தபோது அவசரமாக வெறுமையாக்கியிருக்கிறார். பையிலிருந்து சிந்திய அரிசியும், ஒரு துண்டு ஒடியலும் அடியில் தங்கிவிட்டன.

வாய் திறக்காத மெசின். என் பெருமை. அது அன்றுவரை ஒருநாள்கூட ஓடியதில்லை.

"என்ன தம்பி கிடந்தது?" வதனி அக்கா கதிரையிலிருந்து குனிந்தார்.

ஒடியல் எப்படியோ என் சாமான் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. கை மட்டும் நீண்டது. கையில் அரிசி.

வதனி அக்கா பார்த்தார். முகம் சிவந்தது.

"சறோ! சோத்தை வழிச்சுப்போட்டு வை, வழிச்சுப்போட்டு வையெண்டு எத்தினை தரம் வட்ஸ்அப்பில சொன்னனான்? மிச்சச் சோத்தோடயே கோப்பையை உள்ளுக்கு வச்சிருக்கிறாய்!"

சறோ அக்காவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஏச்சு வாங்கி அப்படி ஒரு நிம்மதி அடைந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பிழைதான் அக்கா. இனிமேல் வழிச்சுப்போட்டு வைக்கிறன்."

மெசின் ஓடவே இல்லை என்பதற்கான சாட்சி, அது நாள் தவறாமல் ஓடியது என்பதற்கான சாட்சியாக மாறியதை என் கண்ணால் கண்டேன். வெந்நீர் அரிசியைச் சோறாக்கிவிட்டிருந்தது. மீதியை வதனி அக்காவே ஆக்கிக்கொண்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். அப்போதுதான் அவருடைய மச்சாள் வந்தார். கணவரின் அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து திருவிழாவுக்கு வந்தவர். அந்த வீட்டை வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதியாக்க வேண்டும், தனக்குத் தெரிந்த ஒரு பொடியனிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் யோசனை. வதனி அக்காவும் "திருவிழா முடியட்டும், முடிவு சொல்லுறன்" என்று சொல்லியிருந்தார். அந்த முடிவுக்காகத்தான் சறோ அக்கா காத்துக்கொண்டிருந்தார். இது எனக்கும் தெரியும், தீவு முழுவதற்கும் தெரியும்.

மச்சாள் வாசலில் நின்று நுரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"நான் சொன்னனான்தானே வதனி. ஒரு மெசினைப் பாக்க ஏலாதவள் இவ்வளவு பெரிய வீட்டை எப்பிடிப் பாப்பாள்? ஆர் இந்த வேலை பாத்தது?"

பச்சைப் போத்தல் வதனி அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. கதிரையில் ஏறி நின்றபடியே நின்றார், இறங்கவில்லை.

"நான்தான் தெரியாமல் ஊத்திப்போட்டன்" என்றார் சறோ அக்கா.

ஊற்றியவர் யார் என்று சறோ அக்காவுக்குத் தெரியும். வதனி அக்காவுக்கும் தெரியும். தெரிந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மச்சாள் என்னிடம் திரும்பினார்.

"தம்பி, நீர் படிச்சனீர். நீர் சொல்லும். ஆரில பிழை?"

புத்தகத்தில் பழுதுகளின் அட்டவணை ஒன்று இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் இது, இரண்டு தரம் சத்தமிட்டால் அது. வாசலில் மச்சாள் நின்றால் எது என்று போடவில்லை. உண்மையைச் சொன்னால் வதனி அக்கா ஊர் முன்னால் சிரிப்புக்கு இடமாவார், அந்த வெட்கத்தில் முதல் வெட்டு விழுவது சறோ அக்காவின் மேல்தான். சறோ அக்கா சொன்னதை ஆமோதித்தால் வெட்டு இன்னும் நேராக விழும். சாமான் பெட்டியைத் திறந்தாலோ, பேச்சே இல்லை.

அந்தக் குசினியில் நான்கு பேரும் ஒரு மெசினும் நின்றோம். குற்றமில்லாதது மெசின் மட்டுமே.

"மெசினிலதான் பிழை அக்கா" என்றேன்.

"வெளிநாட்டு மெசினிலயோ?"

"அதாலதான். அங்கத்தைய தண்ணிக்குச் செய்தது. இஞ்சத்தைய தண்ணி கடினம். வதனி அக்கா அங்க போடுற சாமானை இஞ்ச ஆர் போட்டாலும் நுரைக்கும். தண்ணியை அளக்கிற சென்சர் குழம்பிப்போச்சு."

கடின நீரில் நுரை குறைவாகத்தான் வரும். இது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நான் நேர் எதிராகச் சொன்னேன், அதுவும் ஒரு டிப்ளோமாவை வைத்துக்கொண்டு. நான் சொன்ன சென்சர் அந்த மெசினில் இல்லவே இல்லை. ஆனால் சத்தமாகச் சொன்னேன், கையில் குறடும் இருந்தது. மச்சாள் மெசினை முறைத்துப் பார்த்தார். மெசின் மறுத்துப் பேசவில்லை.

வதனி அக்கா அப்போதுதான் கதிரையிலிருந்து இறங்கினார். நுரைக்குள் காலை வைத்து நின்றார்.

"ஓம் மச்சாள். அங்க நான் இதைத்தான் போடுறனான். ஒரு நாளும் இப்பிடி வரேல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சறோவில பிழையில்லை. வீடு அவளோடயே கிடக்கட்டும். விடுதிக் கதையை இனி எடுக்காதேங்கோ."

"திருவிழா முடியட்டும் எண்டாய்?"

"முடிஞ்சுது" என்றார் வதனி அக்கா. கொடி இன்னும் ஏறவில்லை.

மச்சாள் போனபின் நான் பம்பைத் துடைத்து, வெறும் தண்ணீரில் மெசினை ஓடவிட்டேன். அழகாக ஓடியது. அதைப் பார்த்து மூவரும் சற்று நேரம் வியந்து நின்றோம். மூவருக்கும் அது முதல் தடவை மாதிரி இருந்தது. மூன்றில் இரண்டு பேருக்கு உண்மையிலேயே முதல் தடவை.

மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது வதனி அக்கா படலையடிக்கு வந்தார். பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, மெய்யா அதுக்கு எதைப் போடுறது?"

சொன்னேன். அதற்கென்றே மாவும் வில்லையும் விற்கிறார்கள் என்றேன். தலையாட்டினார்.

"அங்க என்ர மெசினுக்குள்ள சட்டி பானைதான் அடுக்கி வச்சிருக்கிறன். குசினியில இடம் காணாது. நீர் சறோவுக்குச் சொல்லிப்போடாதையும். அவளுக்கு நல்லா ஓடுது, பாவம், அவள் பாவிக்கட்டும்."

"சொல்லமாட்டன் அக்கா."

அரை ஒழுங்கை போயிருப்பேன். வேலிக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டார்கள். சறோ அக்கா.

"தம்பி, அந்த ஒடியல்…"

"பெட்டிக்குள்ள கிடக்கு அக்கா. திருப்பித் தரவோ?"

"சவர்க்காரம் குடிச்ச ஒடியலைக் கூழுக்கே போடுறது? எறிஞ்சுவிடும்." பிறகு, "வதனியக்கா அங்க மெசினில கழுவிப் பழகினவ. எனக்குப் பாவிக்கத் தெரியேல்லையெண்டு அறிஞ்சா மனம் நோகும். சொல்லிப்போடாதையும்."

"சொல்லமாட்டன் அக்கா."

கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக, ஆளுக்கொரு மெசினை வைத்து இத்தனை வருடம் ஒருவரையொருவர் நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் நான். இன்றோடு நீங்களும். நம் தொழிலில் மூடியைக் கழற்றுகிறவர்கள் நாம்தான். உள்ளே கிடந்ததில் எது பழுது, எது வீட்டுக்காரருடைய சொந்த விஷயம் என்று பிரிக்கத் தெரிந்தால், மீதியைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

திருவிழாவுக்கு வந்த சனமெல்லாம் வாழையிலையில் சாப்பிட்டார்கள். மெசினுக்குக் கழுவ ஒன்றும் கிடைக்கவில்லை.

வதனி அக்கா புறப்படமுன் எங்கள் கடையோடு ஓர் ஒழுங்கு செய்துவிட்டுப் போனார். வருடத்தில் இரண்டு தடவை போய் மெசினைப் பரிசோதிக்கவேண்டும், படம் எடுத்து அவருக்கு அனுப்பவேண்டும். இதுவரை நான் போனேன். இனி அந்த வீடு உங்கள் பொறுப்பு.

போகிற நாளை முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லுங்கள். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டாதீர்கள். சறோ அக்காவுக்கு ஒழுங்குபடுத்த ஒரு பின்னேரம் வேண்டும். வடியைக் கழற்றுங்கள். ஏதாவது இருந்தால் கையோடு எடுத்து அவரிடமே கொடுங்கள், என்னவென்று கேட்கவேண்டாம். வெறும் தண்ணீரில் ஒருமுறை ஓடவிட்டு, நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மெசினுக்கு ஈரத்தால் ஒன்றும் ஆகாது. நான் சொல்வது மற்றதுக்கு. ஒடியற்கூழ் தந்தால் மறுக்காமல் குடியுங்கள், உறைப்பாக இருக்கும்.

பம்ப், சூடாக்கும் கம்பி எதையும் மினக்கெட்டுப் பார்க்கவேண்டியதில்லை, அவை புதிதாகவே இருக்கின்றன. கதவைச் சுற்றியுள்ள றப்பரை மட்டும் விரலால் தடவி, ஓர் அங்குலம் விடாமல் பாருங்கள். சின்ன வெடிப்புத் தெரிந்தாலும் அன்றைக்கே மாற்றுங்கள். கரம்பொனில் எலி அதிகம்.